கணவர் இறந்தபின் வீடு யாருக்கு? சிசானி ங்குபானே பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணக் கிராமப் பெண்களின் நிலவுரிமைக்காகப் போராடிய சிசானி ங்குபானே பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, பெண்களுக்கான சட்ட உதவிப் பணியில் இருப்பவர்கள் இங்கே பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: என் மகள் 11-ஆம் வகுப்பில் படிக்கிறாள். சிசானி ங்குபானே வாழ்க்கையைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். எதை முக்கியமாக எழுதச் சொல்லலாம்? – வாசகி, மெரிபேங்க்

அவர் 1946-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் பிறந்தவர். 2020 டிசம்பரில் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் விடாமல் கேட்டது ஒரே கேள்வி: கணவன், தகப்பன், மகன் என்று ஓர் ஆண் பக்கத்தில் இல்லாவிட்டால், ஒரு பெண் தான் உழுத நிலத்திலும் தான் மண் குழைத்துக் கட்டிய வீட்டிலும் இருக்க முடியுமா? இதற்காகவே 1990-களின் இறுதியில் க்வாசூலு-நட்டாலில் கிராமப் பெண்கள் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் உறுப்பினர் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது. மனித உரிமைக் காவலர்களுக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருதின் 2020-ஆம் ஆண்டு இறுதிப் பட்டியலில் இருந்த மூவரில் அவரும் ஒருவர். அந்த மூவரும் பெண்கள். அந்த விருதின் வரலாற்றில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

பிறந்தார், போராடினார், விருதுப் பட்டியலில் வந்தார் என்று மட்டும் எழுதினால் அவர் எதை எதிர்த்தார் என்பதே தெரியாமல் போகும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவருடைய வயதையும் வலப்பக்கம் சட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். அவர் பிறக்கும் முன்பே நட்டாலின் 1891-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, கறுப்பினப் பெண்ணை வாழ்நாள் முழுதும் ஓர் ஆணின் பாதுகாப்பில் இருக்க வேண்டிய சிறுமியாகவே வைத்திருந்தது. 1927-ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டம், சொத்து மூத்த ஆண் வாரிசுக்கே போகும் முறையை அரசுச் சட்டமாக்கியது. அவருக்கு ஐந்து வயதாகும்போது, 1951-இல், பாண்ட்டு அதிகாரிகள் சட்டம் குலத்தலைவர்களை நிறவெறி அரசின் கைக்குள் கொண்டுவந்தது. பத்து வயதில், 1956 ஆகஸ்ட் 9 அன்று, 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில், கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச் சீட்டு கேட்ட பாஸ் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஐம்பத்தெட்டாவது வயதில், 2004 அக்டோபரில், பே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் மூத்த ஆண் வாரிசு முறையை ரத்து செய்தது. இரண்டு சிறுமிகள் குடியிருந்த, கேப்டவுன் அருகே கயெலிட்சா வீட்டை அவர்களுடைய தகப்பனின் தகப்பன் உரிமை கொண்டாடிய வழக்கு அது. இப்படி எழுதினால், அவருடைய ஆயுளில் பெரும்பகுதி அந்தப் பழைய சட்டத்தின் கீழேயே கழிந்தது என்பது மகளுக்கு விளங்கும்.

ஓர் எச்சரிக்கை. கிராமப் பெண்கள் இயக்கம் என்ற பெயரில் இதற்கு முன்பே டிரான்ஸ்வால் பகுதியில் ஓர் அமைப்பு இருந்தது. அதைக் கட்டியவர்களில் முன்னணியில் இருந்தவர் லிடியா கொம்பே. அவர் 1994-இல் நாடாளுமன்றம் போனார். இருவரையும் ஒருவராக்கி எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: அவரைப் பூர்வகுடிப் பெண்களின் உரிமைக் காவலர் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பூர்வகுடி என்றால் கோய், சான் மக்கள்தானே? – வாசகர், ஃபீனிக்ஸ்

நாட்டின் முதல் மக்கள் என்று கோய், சான் சமூகங்கள் தம்மை முன்வைப்பது சரியானதே. அவர்களுடைய தலைமைக்குத் தனி ஏற்பு கொடுத்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 மே மாதம் செல்லாதென்றது. மக்களிடம் போதிய அளவு கருத்துக் கேட்கவில்லை என்பதே காரணம். ஆகவே அந்தக் கோரிக்கை இன்னும் முடியவில்லை.

சர்வதேச மேடைகளில், குல வழக்கத்தின் கீழும் பொதுநிலத்திலும் வாழும் ஜூலு, ம்பொண்டோ பெண்களையும் பூர்வகுடிப் பெண்கள் என்றே குறிப்பிடுகிறார்கள். ங்குபானே பற்றிய விருதுக் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. 2007-இல் ஐ.நா. பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்குத் தென்னாப்பிரிக்கா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை. அதனால் இந்நாட்டு நீதிமன்றத்தில் ஒரு பெண்ணுக்குக் கைகொடுப்பது அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவான சமத்துவமும், 25(6)-ஆம் பிரிவான நில உறுதியும்தான். வழக்குக்குப் போகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பதினாறு வருடமாக வேலை செய்யும் ஜூலு அம்மாவின் கணவர் இரண்டு மாதம் முன்பு இறந்துவிட்டார். "நீ இந்தக் குடும்பத்துக்கு வெளியாள், பெட்டியைக் கட்டு" என்கிறாராம் கணவரின் அண்ணன். கல்யாணம் லோபோலா (மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குத் தரும் மாடு அல்லது பணம்) கொடுத்து நடந்தது, எங்கும் பதியவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்? – வாசகி, வெருலம்

ங்குபானேயின் இயக்கத்தை நாடி வந்த பெண்களில் பலர் நின்ற இடம் இதுதான். வரிசை முக்கியம், ஆகவே ஒழுங்காகச் சொல்கிறோம்.

முதலில், அவர் வீட்டை விட்டு வெளியேறவே கூடாது. துக்கத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாலும் பூட்டு மாறிவிடும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் மகளோ தங்கையோ அந்த வீட்டில் படுத்திருக்கட்டும், சாமான்கள் அப்படியே இருக்கட்டும். புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ விரல் ரேகையோ வைக்க வேண்டாம். "ஈமச்சடங்கு செலவுக்கு" என்று நீட்டப்படும் தாள், பல நேரம் வீட்டை விட்டுக்கொடுக்கும் தாளாக இருக்கும்.

அடுத்தது, அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லும். 2000 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த வழக்கத் திருமண ஏற்புச் சட்டம் (1998-இன் 120-ஆம் சட்டம்), பதியவில்லை என்பதற்காகத் திருமணம் செல்லாமல் போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. இருவரும் 18 வயது தாண்டியவர்களாக இருந்து, இருவரும் சம்மதித்து, வழக்கப்படி பேச்சு முடிந்து திருமணம் நடந்திருந்தால் போதும். கணவர் வீட்டார் உடனே எடுக்கும் வாதம் ஒன்று உண்டு: "பெண்ணை முறைப்படி எங்கள் வீட்டில் ஒப்படைக்கவில்லை, ஆகவே கல்யாணமே நடக்கவில்லை." இந்த வாதம் இனி செல்லாது. ராப் பாடகர் எச்.எச்.பி.யின் மனைவி தொடர்பான வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்படைப்புச் சடங்கு இல்லையென்பதால் மட்டும் திருமணம் இல்லையென்றாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. இந்த ஒரு தகவல் கையில் இருந்தால், மைத்துனர்கள் நடத்தும் குடும்பக் கூட்டத்தில் பேச்சே மாறும்.

இருந்தாலும் நிரூபிக்கத் தாள் வேண்டும். லோபோலா பேச்சு நடந்த நாள், இடம், பேசிய தொகை, எத்தனை மாடு அல்லது எவ்வளவு பணம் கைமாறியது, இரு பக்கமும் வந்த பெரியவர்களின் பெயர் ஆகியவற்றை ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத வேண்டும். லோபோலா கடிதம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உமெம்பெசோ, உமாபோ என்னும் திருமணச் சடங்குகளின் புகைப்படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மனைவி என்று இவர் பெயர் எழுதியுள்ள ஈமச்சடங்கு காப்பீட்டுத் தாள், சபைப் பதிவு, இந்துனாவின் (குலத்தலைவருக்குக் கீழுள்ள ஊர்த்தலைவர்) கடிதம் எல்லாம் உதவும். திருமணத்தைப் பதியும் ஹோம் அஃபேர்ஸ் அலுவலகம், பெண் வீட்டிலிருந்து ஒருவர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் சாட்சியாக வர வேண்டும் என்று கேட்கும். சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான், கணவர் வீட்டில் யாரும் வரமாட்டார்கள். மைத்துனரையே கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். கணவரின் அத்தை, பெரியம்மா, திருமணமாகிப் போன நாத்தனார் ஆகியோரைத் தேடுங்கள், அவர்களுக்குச் சொத்தில் போட்டி இருக்காது. அதுவும் நடக்காவிட்டால் நீதிமன்றமே பதியச் சொல்லி ஆணையிடலாம்.

மூன்றாவது வேலைதான் மிக அவசரம். இறந்தவர்களின் சொத்து விஷயத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் மரணத்தைத் தெரிவிக்க வேண்டும். சட்டப்படி 14 நாள், ஆனால் தாமதமாகப் போனாலும் ஏற்பார்கள், இன்றே போகச் சொல்லுங்கள். க்வாசூலு-நட்டாலுக்கு மாஸ்டர் அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் டர்பனிலும் உள்ளது. சிறிய சொத்தென்றால் பல மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றங்களிலும் மனு வாங்குவார்கள். ஜே 294 என்ற மரண அறிவிப்பு, ஜே 243 என்ற சொத்துப் பட்டியல், ஜே 192 என்ற உறவினர் உறுதிமொழி ஆகிய படிவங்களோடு இறப்புச் சான்றும் அடையாள அட்டை நகலும் வேண்டும். சொத்தின் மதிப்பு 2,50,000 ரேண்டுக்குள் இருந்தால் நிர்வாகியை முறையாக நியமிக்காமல், அதிகாரக் கடிதம் ஒன்றைக் கொடுப்பார்கள். யார் முதலில் போகிறார்களோ அவர்கள் பெயருக்கு அந்தக் கடிதம் போய்விடும் அபாயம் உண்டு. அண்ணன் போய் "தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்று எழுதிக்கொடுத்துக் கடிதம் வாங்கி, வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவதுண்டு. ஏற்கெனவே அப்படி நடந்திருந்தால், திருமணத்துக்கான ஆதாரத்தோடு மாஸ்டருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நகலோடு வங்கிக்கும் போகலாம்.

பங்கு எவ்வளவு? வழக்கத் திருமணம் ஒருதார மணமாக இருந்தால், ஒப்பந்தம் ஏதும் எழுதாதவரை, சொத்து இருவருக்கும் பொது. ஆகவே பாதி முதலிலேயே இவருடையது. அது வாரிசுப் பங்கே அல்ல. மீதிப் பாதியில், உயில் இல்லாவிட்டால், ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ரேண்ட், இதில் எது பெரிதோ அது மனைவிக்கு. இன்னொரு மனைவியும் இருந்தால் கணக்கு மாறும். அதை மறைக்காமல் முதலிலேயே வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். கணவர் வேலை செய்த இடத்தின் ப்ராவிடண்ட் ஃபண்ட் இந்தக் கணக்கில் வராது. சார்ந்திருந்தவர்கள் யார் என்று விசாரித்து அந்த நிதியின் அறங்காவலர்களே பிரிப்பார்கள். அங்கே தனியாக எழுதிக்கொடுக்காவிட்டால் அவர்களுக்கு இப்படி ஒரு மனைவி இருப்பதே தெரியாது.

குலத்தலைவரின் நிலமாக இருந்தால் வீட்டுக்குப் பட்டா இருக்காது, குடியிருக்கும் உரிமைதான் இருக்கும். அதையும் பறிக்க முடியாது. 1996-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டம், பட்டா இல்லாத நில உரிமையை, உடையவரின் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாதென்கிறது. அந்தச் சட்டம் ஒவ்வோர் ஆண்டும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. இந்துனாவிடம் போய், குடியிருப்பு உரிமை இப்போது இவர் பெயரில் என்று எழுதித் தரக் கேளுங்கள். கேட்டதற்குச் சாட்சியாக ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ஏற்கெனவே வெளியே தள்ளிவிட்டால், யாருக்குச் சொத்து என்ற கேள்வியைப் பிறகு பார்க்கலாம். முதலில், அமைதியாகக் குடியிருந்தவரை ஆணையின்றி வெளியேற்றியது தவறு என்று மட்டும் காட்டி, பறித்த இடத்தை உடனே திருப்பித் தரச் சொல்லும் ஸ்போலியேஷன் ஆணை கேட்டு மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் போகலாம். நீதிமன்ற ஆணையில்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாதென்பது அரசியலமைப்பின் 26(3)-ஆம் பிரிவு. இதில் மாதக்கணக்கில் தாமதித்தால் வாய்ப்பு கைவிட்டுப்போகும். அடி, மிரட்டல், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் செய்வது ஆகியவை இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், கட்டணம் கிடையாது. மைத்துனரும் அந்தச் சட்டத்தின் குடும்ப உறவுக்குள் வருகிறார். இலவச சட்ட ஆலோசனைக்கு லீகல் எய்ட் எண் 0800 110 110. வன்முறைக்கான 24 மணி நேர எண் 0800 428 428.

இன்னொன்றும் உண்டு. "தம்பி மனைவியை நானே வைத்துக்கொள்கிறேன்" என்று உகுங்கேனா வழக்கத்தைச் சொல்லி வந்தாலும், அவர் சம்மதமில்லாமல் அது எந்த வகையிலும் செல்லாது. வேண்டாம் என்று அவர் சொன்னதை நாள் குறித்து எழுதி வையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது: வேலைக்கு ஒரு நாள் விடுப்பு சம்பளத்தோடு கொடுங்கள், கூடவே போங்கள், நகல் எடுக்கும் செலவைப் பாருங்கள். ஆனால் அலுவலகத்தில் அவர் பேசட்டும். நீங்கள் பேசினால் பதிலும் உங்கள் முகத்தைப் பார்த்தே வரும், அவர் கேட்க நினைத்தது கேட்கப்படாமலே போய்விடும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், இங்கொன்யாமா டிரஸ்ட் நிலத்தில் இருக்கும் தன் வீட்டுக்கே வருடாவருடம் வாடகை கட்டினாராம். இது எப்படி? – வாசகர், டொங்காட்

1994-இல் உருவான அந்த அறக்கட்டளையின் பெயரில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. ஜூலு மன்னரே அதன் ஒரே அறங்காவலர். அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பரம்பரையாக இருந்தது குடியிருக்கும் அனுமதி. 2007 முதல் அந்த அனுமதிக்குப் பதில் 40 ஆண்டு குத்தகை எழுதச் சொன்னார்கள். வாடகை ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறும். குத்தகை எழுதியவர் தன் பரம்பரை உரிமையை வாடகைதாரர் நிலைக்கு இறக்கிக்கொண்டார் என்பது பலருக்கும் கையெழுத்திட்ட பிறகே தெரிந்தது. தாள் வீட்டு ஆணின் பெயரில் எழுதப்பட்டால், அவர் இறந்ததும் பெண்ணின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அரசியலமைப்பைக் காக்கப் பாடுபடும் கசாக் என்ற அமைப்பும், ங்குபானேயின் கிராமப் பெண்கள் இயக்கமும், அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் சிலரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 11 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அந்தக் குடியிருப்புக் குத்தகைகள் செல்லாதவை என்றும், கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ங்குபானே இறந்து சுமார் ஆறு மாதம் கழித்து வந்த தீர்ப்பு அது. அவர் உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டிய தீர்ப்பு.

உங்கள் தொழிலாளியிடம் குத்தகைத் தாளையும் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரசீது தொலைந்திருந்தால் வங்கி அறிக்கையில் கட்டிய தேதியைத் தேடலாம். பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் நிலத்தின் எண், குத்தகை எண், கட்டிய மொத்தத் தொகை மூன்றும் இருக்க வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் அவர்கள் பண்பாடு. இந்தியர்களாகிய நாம் அதில் தலையிடுவது முறையா? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தலையிட்டவர்கள் ஜூலு பெண்கள்தான். 1993-இல், நிறவெறி ஆட்சிக்குப் பிந்தைய அரசியலமைப்புக்காக நடந்த கெம்ப்டன் பார்க் பேச்சுவார்த்தையில், வழக்கச் சட்டத்துக்கு சமத்துவப் பிரிவிலிருந்து விலக்கு வேண்டும் என்று குலத்தலைவர்கள் கேட்டார்கள். கூடாதென்று எதிர்த்து நின்றவர்களில் கிராமப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அதனால்தான் இன்று அரசியலமைப்பின் 211-ஆம் பிரிவு வழக்கச் சட்டத்தை ஏற்கும்போதே, அரசியலமைப்புக்கு உட்பட்டு என்று நிபந்தனை வைக்கிறது. 2008-இல் ஷிலுபானா வழக்கில், லிம்போப்போவின் ஒரு சமூகம் தானே கூடி ஒரு பெண்ணைத் தலைவியாக்கியதை நீதிமன்றம் ஏற்றது. வழக்கத்தை மாற்றும் உரிமை அந்த வழக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ங்குபானே எதிர்த்தது ஜூலு வழக்கத்தை அல்ல. அதன் பெயரால், பேச வாய்ப்பே இல்லாத பெண்ணைப் பற்றி ஆண்கள் மட்டும் முடிவெடுப்பதைத்தான். 2008-இலும் 2012-இலும் வந்த குலநீதிமன்ற மசோதாவைக் கிராமப் பெண்கள் எதிர்த்ததும் இதனால்தான். பல ஊர்களில் துக்க உடையில் இருக்கும் விதவை குலத்தலைவரின் நீதிச் சபைக்குள் நுழையவே முடியாது. அவள் வீட்டைப் பற்றிய வழக்கை அவளுக்காக மைத்துனர்தான் பேச வேண்டும், வழக்கே அந்த மைத்துனர் மீதுதான்.

உகுத்வாலா என்று சிறுமிகளைத் தூக்கிச் சென்று மணமுடிப்பதையும் அவர் எதிர்த்தார். 2015-இல் ஜெசிலே வழக்கில் வெஸ்டர்ன் கேப் உயர்நீதிமன்றம், பதினான்கு வயதுச் சிறுமி விஷயத்தில் அந்த வழக்கத்தைக் கவசமாகக் காட்டியதை ஏற்கவில்லை.

நம் கதையும் வேறல்ல. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பால், கிறித்தவ முறையில் நடக்காத, பதியாத இந்தியத் திருமணங்கள் செல்லாமல் போயின. நம் பாட்டிமார் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லாதவர்கள் ஆனார்கள். அதை எதிர்த்து நடந்த சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறாவது பிறந்தநாளில், உயிர்விட்டாள். வள்ளியம்மையை நெஞ்சில் வைத்திருக்கும் சமூகம், வெருலம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் கல்யாணத்தை அடுத்தவர் விஷயம் என்று சொல்லக் கூடாது.

கேள்வி: எனக்கு 1982-இல் கோயிலில் தாலி கட்டித் திருமணம். ஹோம் அஃபேர்ஸில் பதியவில்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். எனக்குப் பங்கு உண்டா? – வாசகி, சாட்ஸ்வொர்த்

உண்டு. கோவிந்தர் எதிர் ரகவய்யா வழக்கில் டர்பன் உயர்நீதிமன்றம், இந்து முறையில் நடந்த ஒருதார மணத்தில் எஞ்சிய துணையும் வாரிசுச் சட்டத்தின்படி துணையே என்று தீர்ப்பளித்திருக்கிறது. மாஸ்டர் அலுவலகத்தில் ஆதாரம் கேட்பார்கள். மணம் செய்துவைத்த குருக்கள் அல்லது கோயில் நிர்வாகியின் உறுதிமொழி, மண்டப ரசீது, அழைப்பிதழ், தாலி கட்டும் புகைப்படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, இருவர் பெயரிலும் வந்த மின்சார, நகராட்சிக் கணக்குகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். குருக்கள் இறந்திருந்தால் திருமணத்துக்கு வந்த இரண்டு மூத்தவர்கள் போதும். உங்கள் பங்கு, முன்பு சொன்ன அதே கணக்கு: பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ரேண்ட், எது பெரிதோ அது. ஆனால் பாதிச் சொத்து முதலிலேயே உங்களுடையது என்ற விதி பதியாத இந்து மணத்துக்குத் தானாக வராது. இது பெரிய இழப்பு, வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தால் இன்னும் பெரிது.

கணவர் உயிரோடு இருக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். வாரிசு விஷயத்தில் தாலி கைகொடுத்தாலும் விவாகரத்தில் கொடுக்காது. 2007-இல் சிங் எதிர் ராம்பர்சாத் வழக்கில், பதியாத இந்துத் திருமணத்துக்கு நீதிமன்ற விவாகரத்து கிடையாதென்று தீர்ப்பானது. பதிவு பெற்ற திருமண அதிகாரியாக உள்ள குருக்களிடமோ ஹோம் அஃபேர்ஸிலோ இப்போதாவது சட்டப்படி மணம் பதியுங்கள். தனிச்சொத்து ஏற்பாடு வேண்டுமென்றால் அதற்கு முன்பே நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுத வேண்டும், பிறகு எழுதினால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். உயிலும் எழுதுங்கள். எழுதுபவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும், 14 வயது தாண்டிய இரண்டு சாட்சிகள் அப்போது கூடவே இருக்க வேண்டும். சொத்து பெறப்போகும் மகளையோ மருமகனையோ சாட்சியாக வைத்தால் அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதே போய்விடும்.

கேள்வி: என் மகள் சட்டம் படித்துவிட்டு இப்படிப்பட்ட வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஆபத்தானதா? – வாசகர், லேடிஸ்மித்

ஆம், அதை மறைக்க முடியாது. சோம்க்கேலே நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே ந்த்ஷாங்காசே 2020 அக்டோபர் 22 அன்று க்வாசூலு-நட்டாலில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஈஸ்டர்ன் கேப் கடற்கரையில் மணல் சுரங்கத்தை எதிர்க்கும் அமாடிபா நெருக்கடிக் குழுவின் தலைவர் சிகோசிபி ராடேபே 2016 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே குழுவின் நோன்ஷ்லே ம்புத்துமா இன்றும் பணியைத் தொடர்கிறார், 2024-இல் சினெகுகு சுகுலுவோடு கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார். பெரிய பணம் புழங்கும் சுரங்கமும் மணலும் நிலத்தோடு சேர்ந்து வரும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். விதவையின் வீட்டு வழக்கில் மிரட்டல் வரும், ஆனால் பெரும்பாலும் அது குடும்பத்துக்குள்ளேயே நிற்கும்.

மகள் எல்.எல்.பி. படிக்கும்போதே ஜூலு பேசக் கற்றுக்கொள்ளட்டும், மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்ட வாக்குமூலத்தில் பாதி கைநழுவிப் போகும். லா கிளினிக் என்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் இலவச உதவி மையத்தில் சேரட்டும். முதல் வருடங்களில் பெரும்பாலும் செய்ய வேண்டியது வாதாடுவது அல்ல, உட்கார்ந்து கேட்டு எழுதுவது. தனியாக எந்தக் கிராமத்துக்கும் போகக் கூடாது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கம் கோயில் மண்டபத்தில் வீட்டு வேலைப் பெண்களுக்காக ஒரு ஆவண உதவி நாள் நடத்த நினைக்கிறது. எப்படி ஏற்பாடு செய்வது? – மாதர் சங்கத்தினர், டர்பன்

மாதக் கடைசியையும் சம்பள நாளையும் தவிருங்கள், அன்று யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு மதியம் சர்ச் வழிபாடு முடிந்தபிறகு ஏற்றது. ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, ஐந்து மேசை போட்டால் மூன்று மணி நேரத்தில் முடியும். ஒவ்வொரு மேசையிலும் ஜூலு பேசுகிற, எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் வந்தவரின் முதலாளியாக இருக்கக் கூடாது. முதலாளி முன்னால் யாரும் வீட்டுச் சண்டையைச் சொல்லமாட்டார்கள்.

ஒருவருக்கு அடையாள அட்டை நகல் மூன்று, திருமண ஆதாரங்களின் நகல் இரண்டு, உறுதிமொழிப் பத்திரம் ஒன்று என்று எடுங்கள். உறுதிமொழியை முன்னாலேயே கையெழுத்திட்டுக் கொண்டு போவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. உறுதிமொழி வாங்கும் ஆணையர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வேண்டும். போலீஸ் நிலையத்தில் ஆணையர் இலவசமாகச் செய்வார். நகலைச் சான்றளித்து வாங்கினால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைப் பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பும். அசலை யாரும் உங்களிடம் விட்டுப்போகக் கூடாது, அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள். பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தால் அதை அப்போதே குறித்து, இருவரும் ஒருவரே என்று உறுதிமொழியில் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் மாஸ்டர் அலுவலகத்தில் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள்.

டாக்ஸிக் கட்டணத்தையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரிசிச் சோறும் பருப்பும் போதும், ஆனால் மாட்டிறைச்சி வராத மண்டபம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கணவர் உயிரோடு இருக்கும் பெண்களையே முதலில் அழையுங்கள். அவர்கள் கணவரோடு வந்தால், இருவரும் திருமணத்தைப் பதிய ஹோம் அஃபேர்ஸ் போக வேண்டிய தேதியை அன்றைக்கே குறித்துக் கொடுங்கள்.